கூலியோடு தீராத கடன்

தொழில் கொள்வோரின் கடமைகள் பற்றி ஒரு பாடம்



காசல்ரீ நீர்த்தேக்கத்திலிருந்து புறப்படும் தண்ணீர் விமலசுரேந்திர மின்நிலையத்திலும், பின்னர் பழைய லக்ஷபான மின்நிலையத்திலும் உழைக்கிறது. மவுசாகலையிலிருந்து புறப்படும் தண்ணீர் கெனியனிலும் புதிய லக்ஷபானவிலும் உழைக்கிறது. இவ்விரண்டும் ஒன்றாகி மறுபடியும் சுழலியைச் சுற்றும் இடம் பொல்பிட்டிய. அங்குள்ள மின்நிலையம் 1969 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அதற்கு மேலே கினிகத்தேனை, நோட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா என்று மலை ஏற ஏறத் தேயிலைத் தோட்டங்கள். ஒரே மழைதான் மேலே கொழுந்தாகவும் கீழே மின்சாரமாகவும் ஆகிறது.

ஆனால் இவ்விரண்டு இடங்களிலும் தொழில் செய்வோரின் வாழ்க்கைப் பாதையைச் சற்று ஒப்பிட்டுப் பாருங்கள். மின்நிலையம் போன்ற ஓரிடத்தில் ஓர் இளைஞன் பழகுநனாகச் சேருகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு வேலை கற்றுக்கொடுக்க ஒருவர் இருக்கிறார். அவன் எழுத வேண்டிய பரீட்சை இருக்கிறது. ஏற வேண்டிய தரங்கள் இருக்கின்றன. ஓய்வு பெறும்போது அவன் சேர்ந்த இடத்தில் இருப்பதில்லை. தோட்டத்திலோ ஒரு பெண் பதினெட்டு வயதிற் பேர் பதிந்தால், அன்று தோளிலும் தலையிலும் ஏறிய கூடை, அவள் ஓய்வு பெறும் நாள் வரையில் இறங்குவதில்லை. கொழுந்து பறிப்பவளாகச் சேர்ந்தாள். கொழுந்து பறிப்பவளாகவே வீட்டுக்குப் போகிறாள்.

இந்த வேறுபாடு தண்ணீரினாலோ மண்ணினாலோ வந்ததன்று. தொழில் கொள்வோர் தம்மிடம் வேலை செய்பவரை எப்படி நோக்குகிறார்கள் என்பதிலிருந்தே வந்தது. கூலி கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது என்று ஒருவர் எண்ணலாம். கூலியோடு தொழில் கற்றுக்கொடுப்பதும், தொழிலாளி சொல்வதைக் கேட்பதும் தம் கடன் என்று இன்னொருவர் எண்ணலாம். மலையகத்திலே பல ஆண்டுகளாக நாம் முதலாவதைப் பற்றி மட்டுமே பேசி வந்திருக்கிறோம். மற்ற இரண்டும் இல்லாதபோது முதலாவதும் கையில் நிற்பதில்லை என்பதே இப்பாடத்தின் கருத்து.

தொழில் கொள்வோர் யார்?

தோட்டத்தில் இக்கேள்வியைக் கேட்டால் "துரைதான்" என்று உடனே பதில் வரும். ஆனால் துரையும் சம்பளம் வாங்கும் ஓர் உத்தியோகத்தரே. அவருக்கு மேலே கொழும்பில் கம்பனி இருக்கிறது. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975 ஆம் ஆண்டின் திருத்தமும் வந்தபோது தோட்டங்கள் அரசின் கைக்கு மாறின. ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் பெரும்பாலான தோட்டங்களை நடத்தின. 1992 இல் அவற்றுட் பெரும்பாலானவற்றின் நிர்வாகம் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலம் அரசினுடையதாகவே இருக்க, நிர்வாகம் கம்பனிகளுடையதாயிற்று. பெயர்ப்பலகை மூன்று முறை மாறிற்று. ஆனால் பிரட்டுக் களத்தில் வந்து நிற்பவரின் நிலை அவ்வளவுக்கு மாறவில்லை.

அவ்வாறெனின் பொறுப்பு யாருடையது? பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் 1981 செப்டெம்பர் 14 ஆம் நாள் வெளியிட்ட, மனிதனின் உழைப்பைப் பற்றிய 'லாபோரெம் எக்சேர்சென்ஸ்' என்னும் சுற்றுமடல் இவ்விடத்தில் நமக்கு உதவுகிறது. அது தொழில் கொள்வோரை இருவகையாகப் பிரித்துக் காட்டுகிறது. தொழிலாளியோடு நேராக ஒப்பந்தம் செய்து வேலை வாங்குபவர் நேரடித் தொழில் கொள்வோர். அந்த ஒப்பந்தம் எப்படி அமையும் என்பதைப் பின்னாலிருந்து தீர்மானிக்கும் அரசு, சட்டங்கள், நிறுவனங்கள், உலக வர்த்தக அமைப்பு ஆகியன மறைமுகத் தொழில் கொள்வோர். முன்னவர் பின்னவரைக் காட்டித் தப்பிக்கொள்ள முடியாது. பின்னவரும் தமக்குத் தொடர்பில்லை என்று கைகழுவ முடியாது.

இதற்கு நம் கண்முன்னே நடந்த ஓர் உதாரணம் உண்டு. 2021 ஆம் ஆண்டில் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்தது. அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தடை கைவிடப்பட்டது. அதற்கிடையில் உரம் காணாத செடிகளிற் கொழுந்து குறைந்தது. முடிவு எடுத்தவர்கள் கொழும்பில் இருந்தார்கள். கொழுந்து மடுவத்தில் தராசுக்கு முன்னால் நின்று, கிலோ காணவில்லை என்று ஏச்சுக் கேட்டவளோ மலையில் இருந்தாள். மறைமுகத் தொழில் கொள்வோர் என்பதன் பொருள் இதுவே.

கொழும்புத் தேயிலை ஏலம் 1883 ஆம் ஆண்டிலிருந்து நடந்து வருகிறது. அங்கே கேட்கப்படும் விலையும், தூர தேசத்துக் கடைகளில் ஒரு பொட்டலம் எவ்வளவு மலிவாக விற்கப்பட வேண்டும் என்ற போட்டியும், நம் பெண்களின் கூடையில் எத்தனை கிலோ இருக்க வேண்டும் என்பதில் வந்து முடிகின்றன.

முதலாவது கடன்: நீதியான கூலி

இருவரும் ஒப்புக்கொண்டுவிட்டோம் என்பதனால் மட்டும் ஒரு கூலி நீதியான கூலியாகிவிடாது. சிக்கனமாக வாழும் ஒரு தொழிலாளி தன் வாழ்க்கையை நடத்துவதற்கு அது போதுமா என்பதே கேள்வி என்று பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891 மே 15 ஆம் நாள் வெளியிட்ட சுற்றுமடலில் விளக்கினார். அதற்கும் மிக முற்பட்ட இணைச்சட்ட நூல், ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று விதிக்கிறது. அவன் அதையே நம்பியிருக்கிறான் என்பதே அதற்குக் காரணம்.

நமது தோட்டங்களின் அண்மைக்காலச் சம்பளக் கதையை வரிசையாகப் பார்ப்போம். கூட்டு ஒப்பந்தத்தின்படி அடிப்படை நாட்சம்பளம் 2013 இல் 450 ரூபா. 2016 இல் 500 ரூபா. 2018 டிசம்பர் வேலைநிறுத்தத்திற்குப் பின் 2019 ஜனவரியில் 700 ரூபா. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் மூலம் 900 ரூபாவும் வரவு செலவுத் திட்டப் படியாக 100 ரூபாவும் சேர்ந்து ஆயிரமாயிற்று. 2024 மே மாதத்தில் 1700 ரூபா என்று அறிவிக்கப்பட்டு, கம்பனிகள் வழக்குத் தொடுக்க, ஜூலையில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் அவ்வாண்டு செப்டெம்பரில் 1350 ரூபா என்று தீர்ந்தது. 2026 ஜனவரி முதல் 1750 ரூபா என்றும், அதில் 200 ரூபாவை வருகைக்கான ஊக்குவிப்பாக அரசே வழங்கும் என்றும் 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் கூறிற்று. மறைமுகத் தொழில் கொள்வோரான அரசு, கூலியில் தனக்கும் ஒரு பங்கு உண்டென்று பகிரங்கமாக ஏற்றுக்கொண்டதாக இதை நாம் கொள்ளலாம்.

இந்த எண்கள் எல்லாம் ஒரு 'பேர்' விழுந்தால் கிடைக்கும் எண்கள். பேர் விழுவதற்கு நிர்ணயித்த கிலோ வேண்டும். அது குறைந்தால் அரைப்பேர் போடுவது பல தோட்டங்களில் வழக்கம். உதாரணத்திற்கு, ஒரு மலையில் 18 கிலோ என்று விதித்திருக்க ஒருத்தி 17 கிலோ கொண்டுவருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அரைப்பேர் என்றால் 1350 ரூபா 675 ஆகிவிடும். ஒரு கிலோ குறைந்ததற்கு அரை நாள் உழைப்பே போய்விடுகிறது. மடுவத்தில் சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிக்கப்படும் கிலோ வேறு. ஆதலால் நாட்சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்பது அரைக் கேள்வி. எத்தனை கிலோவுக்கு, மாதத்தில் எத்தனை நாள், யார் பார்க்க நிறுத்து என்று கேட்டால்தான் அது முழுக் கேள்வியாகும்.

கூலியோடு சேர்ந்த கடன்களும் சில உண்டு. 1958 ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 வீதம் கழிக்கப்படுகிறது. தொழில் கொள்வோர் தம் பங்காக 12 வீதம் செலுத்த வேண்டும். 1980 ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். மாதம் 20 நாள், நாளுக்கு 1350 ரூபா என்று கணக்கிட்டால் சம்பளம் 27,000 ரூபா. அதில் தொழிலாளியின் பங்கு 2160 ரூபா. தொழில் கொள்வோரின் பங்கு 3240 ரூபா. நம்பிக்கை நிதிக்கு 810 ரூபா. 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்தாண்டுக்குக் குறையாமல் வேலை செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்குச் சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் சம்பளம் உரியது. கடைசிச் சம்பளம் 1350 ரூபா என்றால், முப்பது ஆண்டு உழைத்தவருக்கு 5,67,000 ரூபா. இது தானமன்று, முப்பது ஆண்டாகத் தொழில் கொள்வோரிடம் தங்கி நின்ற கூலி. உரிய காலத்தில் அது கைக்கு வராவிட்டால், யாகப்பர் தம் நிருபத்தில் கண்டிக்கிற, கொடாமல் நிறுத்தி வைத்த கூலியாகவே அது ஆகிறது.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்பது தோட்டங்களில் 1984 இல்தான் வந்தது என்பதையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டும். அது தானாக வரவில்லை. அவ்வாண்டு நடந்த பெரும் வேலைநிறுத்தத்தின் பின்னரே வந்தது.

இரண்டாவது கடன்: தொழிற் பயிற்சி

கொழுந்து பறிப்பது பயிற்சியற்ற வேலை என்று சொல்லும் வழக்கம் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்பவர் ஒருநாள் மலைக்குப் போய்ப் பார்க்கட்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். மட்டம் கெடாமல் செடியைக் காக்க வேண்டும். ஏறக்குறைய வாரத்துக்கு ஒருமுறை அதே மலைக்குத் திரும்பி வர வேண்டும். சுற்று நீண்டால் கொழுந்து முற்றிவிடும். கையிலும் சாக்கிலும் அமுக்கினால் கொழுந்து சூடேறிச் சிவந்து, ஸ்டோருக்குப் போகுமுன்பே கெட்டுவிடும். டீமேக்கர் எவ்வளவு கெட்டிக்காரராயினும், கூடையிற் கெட்டதை இயந்திரத்தில் நல்லதாக்க முடியாது. கவ்வாத்து வெட்டுகிறவரின் கத்தி பிசகினால் அந்தச் செடியின் ஆயுளே குறையும். இவ்வளவும் தெரிந்தவர் பயிற்சியற்றவர் அல்லர். ஆனால் அவருக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுத்தவர் யார்? பெரும்பாலும் தாயும் மாமியாருமே. தொழில் கொள்வோர் செய்ய வேண்டிய பயிற்சியைத் தொழிலாளர் குடும்பங்களே தலைமுறை தலைமுறையாகச் செலவின்றிச் செய்து கொடுத்திருக்கின்றன.

நமது நாட்டில் இத்தொழிலுக்கு அறிவு நிலையங்கள் இல்லாமலில்லை. தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் 1925 இல் தொடங்கப்பட்டது. தலவாக்கலையில் அது இயங்கி வருகிறது. பெருந்தோட்ட முகாமைத்துவத்துக்கென ஒரு தேசிய நிறுவகம் 1979 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்டது. துரைமாரும் உத்தியோகத்தரும் இவற்றால் நிறையப் பயன் பெற்றிருக்கிறார்கள். அந்த அறிவு மலையில் நிற்பவளிடம் ஒழுங்காக இறங்கி வந்ததா என்று கேட்பது நம் கடமை.

பயிற்சி என்பது உற்பத்திக்காக மட்டுமன்று, உயிருக்காகவும் ஆகும். குளவி கொட்டி மலையிலேயே உயிர் விட்டவர்களைப் பற்றி ஆண்டுதோறும் நாம் கேள்விப்படுகிறோம். குளவிக் கூடு இருக்கும் மலையை முன்கூட்டியே பார்த்து வைப்பது, கொட்டினால் உடனே என்ன செய்வது, முதலுதவிப் பெட்டி யாரிடம் இருக்கும், வாகனம் எத்தனை நிமிடத்தில் வரும் என்பவற்றை ஒவ்வொரு கொழுந்துக் கூட்டத்துக்கும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். மருந்து தெளிப்பவருக்கு முகமூடியும் கையுறையும் கொடுத்தால் போதாது. அவை எதற்காக என்று விளக்கவும் வேண்டும். வேலையின்போது காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று 1934 ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. நட்டஈட்டுக்குப் பணம் ஒதுக்குவதிலும் பயிற்சிக்குப் பணம் ஒதுக்குவது மேல்.

இன்னொரு பக்கம் இருக்கிறது. பயிற்சி இல்லாத இடத்தில் உயர்வும் இல்லை. கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலோர் பெண்கள். அவர்களை மேய்ப்போரிற் பெரும்பாலோர் ஆண்கள். முப்பது ஆண்டு அனுபவமுள்ள பெண்ணுக்குக் கங்காணி வேலைக்கான பயிற்சி ஏன் கொடுக்கப்படுவதில்லை? ஸ்டோரில் இருபது ஆண்டு இயந்திரம் பார்த்தவரிடம் ஒரு சான்றிதழும் இல்லை. அவர் வெளியே போனால் 'கூலி'. செய்து பழகிய திறமையைப் பரீட்சித்துச் சான்றிதழ் கொடுக்கும் ஒழுங்கு இன்று தேசியத் தொழிற்றகைமை முறையில் இருக்கிறது. தோட்ட நிர்வாகம் முன்னின்று ஒழுங்கு செய்தால் பொறிக்காரர், மின்வேலைக்காரர், சாரதி ஆகியோருக்கு அது கிடைக்கும்.

ஆள் கிடைக்கவில்லை என்று கம்பனிகள் முறையிடுகின்றன. அது உண்மைதான். இளைஞர் கொழும்புக் கடைகளுக்கும், யுவதிகள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும், தாய்மார் மத்திய கிழக்கு நாடுகளுக்கும் போகிறார்கள். கூலி குறைவு என்பது ஒரு காரணம். ஆனால் கொழும்புக் கடையிற் கிடைப்பதைக் கணக்குப் பார்த்தால், வாடகையும் சாப்பாடும் போக, அப்படியொன்றும் மிஞ்சுவதில்லை. அங்கே போகிறவன் நாளைக்கு ஏதாவது ஒன்றாக ஆகலாம் என்று நம்பிப் போகிறான். தோட்டத்தில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. அதை உண்டாக்குவது தொழில் கொள்வோரின் கையில் இருக்கிறது.

மூன்றாவது கடன்: பேச்சு மேசை

தோட்டத் துரைமார் சங்கம் அமைந்தது 1854 இல். இலங்கை முதலாளிமார் சம்மேளனம் அமைந்தது 1929 இல். கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தை ஹட்டனில் நிறுவியது 1931 இல். ஆக, தோட்டத் தொழிலாளர் ஒன்றுசேர்வதற்கு 77 ஆண்டுகளுக்கு முன்பே துரைமார் ஒன்றுசேர்ந்திருந்தார்கள். ஒன்றுகூடுவதன் பலனை நன்கறிந்தவர்கள், அதே உரிமையைத் தொழிலாளர் கேட்டபோது நெடுங்காலம் மறுத்தார்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்திலே கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் சூட்டுக்குப் பலியானார். அவ்வாண்டிலேயே துரைமார் தரப்புக்கும் தொழிற்சங்கங்களுக்குமிடையே ஏழு அம்ச உடன்படிக்கை ஏற்பட்டது. ஓர் உயிர் போனபின் போட்ட மேசையை, அது போகுமுன் போட்டிருக்கலாம்.

1950 ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் அந்த மேசைக்குக் கால்கள் வைத்துக் கொடுத்தது. இரு தரப்பும் பேசிக் கூட்டு ஒப்பந்தம் செய்யலாம். அது வர்த்தமானியில் வெளிவந்தபின் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். பேச்சு முறிந்தால் தொழில் ஆணையாளர் இணக்கம் செய்து வைக்கலாம். அதுவும் முறிந்தால் நடுத்தீர்ப்பு இருக்கிறது. வேலை நீக்கப்பட்ட தனி ஒருவருக்குத் தொழில் நியாய சபை இருக்கிறது. 1999 ஆம் ஆண்டின் திருத்தம் இன்னுமோர் அடி முன்னே சென்றது. தொழிலாளரில் 40 வீதத்துக்குக் குறையாதோரை அங்கத்தவராகக் கொண்ட சங்கத்தோடு பேச மறுப்பது நியாயமற்ற தொழில் நடவடிக்கை என்று அது கூறுகிறது. பேசுவது தொழில் கொள்வோரின் பெருந்தன்மை அன்று, கடமை.

கம்பனிகளின் சார்பில் முதலாளிமார் சம்மேளனமும், தொழிலாளர் சார்பில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், இலங்கை தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம், பெருந்தோட்டத் தொழிற்சங்கங்களின் கூட்டுக் கமிட்டி ஆகிய மூன்றும் கைச்சாத்திட்ட கூட்டு ஒப்பந்தமே பல ஆண்டுகளாகச் சம்பளத்தைத் தீர்மானித்தது. அதில் குறைகள் இருந்தன. பேச்சு இழுபட்டுக்கொண்டே போகும். தொழிலாளருக்கு விபரம் தெரியாமலே கையெழுத்து விழும். 2021 இல் ஆயிரம் ரூபா சம்பள நிர்ணய சபைக்குப் போனபோது கம்பனிகள் அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன.

இதன் விளைவை நாம் கவனமாகப் படிக்க வேண்டும். சம்பள நிர்ணய சபை குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும். கூட்டு ஒப்பந்தமோ கூலியோடு கிலோவையும், வேலை நாளையும், குறைகளை எப்படித் தீர்ப்பது என்பதையும் சேர்த்துப் பேசக்கூடியது. மேசை போனபின் கூலி மட்டும் சட்டத்தால் உயர்ந்தது; மற்றவை அந்தந்தத் தோட்டத்து நிர்வாகத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டன. பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டினார்கள், வேலை நாளைக் குறைத்தார்கள் என்று தொழிற்சங்கங்கள் முறையிட்டன. ஒரு கையால் வாங்கியது மறு கையால் போயிற்று. இங்கேதான் மூன்று கடன்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது தெரிகிறது.

தொழிலுறவு கொழும்பில் மட்டும் நடப்பதன்று. தொழிலாளர் குறைகேட்க வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கும் வழக்கம் தோட்டங்களில் உண்டு. அன்று துரை நாற்காலியில் இருந்து, வந்தவரை வெளியே ஜன்னலுக்கு அப்பால் நிறுத்திப் பேசுகிறாரா, அல்லது உள்ளே அழைத்துப் பெயர் சொல்லிக் கேட்கிறாரா என்பதில் அந்தத் தோட்டத்தின் தொழிலுறவு முழுவதும் அடங்கிவிடும். "நீ, வா, போ" என்று தாயொத்த வயதினரை ஏவுவதை நிறுத்துவதற்கு எந்தக் கம்பனிக்கும் செலவில்லை.

அவர்கள் தரப்பு நியாயம்

நீதி பேசும்போது இரு பக்கமும் கேட்க வேண்டும். தேயிலையின் விலையைத் தாங்கள் தீர்மானிப்பதில்லை என்று கம்பனிகள் சொல்கின்றன, அது உண்மை. உற்பத்திச் செலவிற் பெரும் பங்கு கூலிக்கே போகிறது என்கின்றன, அதுவும் உண்மை. நாட்டின் தேயிலையிற் பெரும் பங்கைச் சிறு தோட்டக்காரரே இன்று உற்பத்தி செய்கிறார்கள், அவர்களோடு போட்டியிட வேண்டியிருக்கிறது என்கின்றன. அதையும் மறுக்க முடியாது. இவற்றை மறைக்காமல் கணக்கோடு மேசையில் வைத்தால் தொழிலாளி விளங்கிக்கொள்வான். தன் வீட்டு வரவு செலவை நடத்தத் தெரிந்தவனுக்குத் தோட்டத்தின் வரவு செலவு விளங்காமற் போகாது. கணக்கைக் காட்டாமல் "கட்டாது" என்று மட்டும் சொன்னால் நம்பிக்கை வளராது.

மலையைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளும் ஒரு முறையைக் கம்பனிகள் இப்போது முன்வைக்கின்றன. சில இடங்களில் அதனால் கையிற் கூடுதலாகக் காசு வரலாம். ஆயினும் சில கேள்விகளுக்கு முதலிலேயே எழுத்தில் விடை வேண்டும். சேமலாப நிதி யார் கட்டுவது? குளவி கொட்டினால் யார் பொறுப்பு? பிரசவ காலத்தில் என்ன? விலை விழுந்த மாதத்தில் என்ன? நிலத்தில் அக்குடும்பத்துக்கு என்ன உரிமை? தொழிலாளியைப் பங்காளியாக்குவது நல்லது. பங்காளி என்ற பெயரைக் கொடுத்துவிட்டுத் தொழில் கொள்வோர் மறைந்துவிடுவது நல்லதன்று.

நாமும் தொழில் கொள்வோரே

இதுவரை துரையையும் கம்பனியையும் பற்றிப் படித்தது நமக்கு இலகுவாக இருந்திருக்கும். இனி நம் வீட்டுக்கு வருவோம். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கொழும்பிலும் கடை வைத்திருப்போர் இப்பத்திரிகையைப் படிக்கிறார்கள். வீட்டு வேலைக்கு மலையகத்துப் பெண் ஒருத்தியை வைத்திருப்போரும் படிக்கிறார்கள். நமது பங்குகளிலும் பாடசாலைகளிலும் மடங்களிலும் சமைப்பவர், கூட்டுபவர், காவல் காப்பவர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் யார்? நேரடித் தொழில் கொள்வோர்!

கடைப் பையனுக்குச் சேமலாப நிதி கட்டுகிறோமா? அல்லது "பிள்ளையைப்போல வைத்திருக்கிறோம்" என்று சொல்லித் தப்பிக்கொள்கிறோமா? பிள்ளையைப்போல என்றால் அவனைக் கணக்கெழுதவும் கொள்முதல் செய்யவும் பழக்கியிருப்போம். வீட்டு வேலைக்காரிக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டா? மாலையில் தையலோ கணினியோ படிக்க நாம் அனுமதித்திருக்கிறோமா? அவள் தன் குறையைச் சொன்னால் அமர்ந்து கேட்டிருக்கிறோமா? தோட்டத்துத் துரையிடம் நாம் கேட்கும் மூன்று கடன்களும் நம்மிடமும் கேட்கப்படும்.

செய்யக்கூடியவை

அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும் தலைவர்கள் ஒரு தாளோடு போகாமல் மூன்று தாள்களோடு போகட்டும். முதல் தாளில் நாட்சம்பளமும், அதனோடு பிரிக்க முடியாதபடி கிலோவும் வேலை நாளும். இரண்டாம் தாளில் பயிற்சி: புதிதாகப் பேர் பதிபவருக்கு எத்தனை நாள், குளவிக்கும் மருந்துக்கும் யார் பொறுப்பு, ஆண்டுக்கு எத்தனை பெண்களுக்கு மேற்பார்வைப் பயிற்சி. மூன்றாம் தாளில் பேச்சு: தோட்டந்தோறும் மாதம் ஒருமுறை கூடும் ஒரு குழு, அதில் பாதிப்பேர் பெண்கள், பேசியதை எழுதி வைக்கும் ஒரு புத்தகம். இரண்டாம், மூன்றாம் தாள்களுக்குக் கம்பனிக்கு ஏற்படும் செலவு சிறிது. பயனோ இரு தரப்புக்கும் உரியது.

தொழிலாளர் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. சம்பளச் சீட்டை வாங்கி மடித்து மடியிற் செருகாமல், வீட்டில் படித்த பிள்ளையைக் கொண்டு வாசித்துப் பாருங்கள். எத்தனை பேர் விழுந்தது, எத்தனை அரைப்பேர், எவ்வளவு கழிவு, சேமலாப நிதிக்கு எவ்வளவு என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மேசைக்குப் போகும்போது கோபத்தைக் காட்டிலும் அந்தக் கொப்பி பலமானது.

குழுவாகச் சிந்திக்க

1. உங்கள் தோட்டத்தில் அல்லது வேலைத்தலத்தில் நேரடித் தொழில் கொள்வோர் யார்? மறைமுகத் தொழில் கொள்வோர் யார் யார்?

2. கடந்த மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளை வைத்துக்கொண்டு, அரைப்பேராகப் போன நாட்களைக் கணக்கிடுங்கள். அதற்குக் காரணம் என்ன?

3. உங்கள் தாய்க்கு அல்லது தந்தைக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் யார்? தொழில் கொள்வோர் கற்றுக்கொடுத்தது என்ன?

4. குறை ஒன்றைச் சொல்ல ஆபீசுக்குப் போனால் எப்படி வரவேற்கப்படுகிறீர்கள்? அதை மாற்றத் தோட்டத்து மட்டத்தில் என்ன செய்யலாம்?

5. உங்களிடம் வேலை செய்பவர் ஒருவரேனும் இருந்தால், மூன்று கடன்களில் எது இன்னும் பாக்கி நிற்கிறது?

ஐந்தாம் கேள்விக்கு வாயினால் மட்டும் விடை சொல்லாமல், அடுத்த சம்பள நாளுக்குள் ஒன்றையாவது செய்துவிட்டு அடுத்த கூட்டத்துக்கு வருவோமாக.